நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டுப் பக்கம் யாரிடம் கேட்டாலும் பேச்சிராஜ் ஒர்க்‌ஷாப்பைக் காட்டிவிடுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் எந்நேரமும் ஏழெட்டு வண்டி. பூ ஏற்றுகிற வண்டி, பால் வண்டி, வாத்தியார் வண்டி, மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டுக்குட்டியை டேங்க் மேல் போட்டு ஓட்டி வருகிறவரின் வண்டி என்று எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.

பேச்சிக்கு முப்பத்தொன்பது வயது. இன்ஜினைத் திறந்து பார்த்தானானால் அதை ஓட்டுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சும்மா கட்டிவிட்ட பேச்சு இல்லை. ஒருமுறை கரிவலத்துக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பேச்சி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க வண்டிய ஒங்களுக்குத் தெரியாம வேற ஆளு ஓட்டுது" என்றான். அவர் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, மகன்காரன் காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்கு முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அதிலிருந்து பேச்சி சொன்னால் ஊருக்கு அது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஓர் அறை. அங்கே அவன் பந்தய இன்ஜின் கட்டினான். டிராக் ரேஸ் என்பார்கள். நேர்கோட்டில் நானூறு மீட்டர். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்குப் பச்சையானதும் விட வேண்டும், பதினேழு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அதில் ஸ்டாக் கிளாஸ் என்று ஒரு பிரிவு. வண்டி கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அரம் போடக் கூடாது, துளையைப் பெரிதாக்கக் கூடாது, வெளி உதிரி எதையும் மாட்டக் கூடாது. ஜெயித்த வண்டியின் இன்ஜினை அந்த இடத்திலேயே திறந்து, அளந்து, கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள். ஒரு கீறல் கூடுதலாக இருந்தாலும் கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்படியானால் மெக்கானிக்குக்கு அங்கே என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். பேச்சிக்கும் முதல் இரண்டு வருடம் அது விளங்கவில்லை. போன இடமெல்லாம் தோற்றுவிட்டுத் திரும்பினான். மூன்றாம் வருடம் பிடி கிடைத்தது. புது இன்ஜின் இறுக்கமாக இருக்கும், ஓடாது. கண்டபடி ஓட்டிய பழைய இன்ஜின் தளர்ந்து போயிருக்கும், அதுவும் ஓடாது. ஆனால் பொறுமையான ஓர் ஆள், நேரத்துக்கு ஆயில் மாற்றி, சூடேற விடாமல், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய வண்டி ஒன்று எங்கேயாவது இருக்கும். அதன் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றினால், பிஸ்டன் ஏறி இறங்குகிற அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். அளவு, கம்பெனி அனுமதித்த எல்லையின் கடைசி முனையில் வந்து நிற்கும். கம்பெனிக்காரனால் செய்ய முடியாததை ஒருவருடைய பொறுமை செய்து வைத்திருக்கும். அளக்க வருகிறவர்களுக்கும் அதில் ஒரு குற்றமும் கிடைக்காது. யாரும் அதில் கை வைக்கவில்லையே!

ஆக ஸ்டாக் கிளாஸில் இன்ஜின் கட்டுவது என்றால் அந்தப் பிளாக்கைத் தேடுவதுதான். பேச்சி முதலில் பழைய வண்டி புரோக்கர்களிடம் தேடினான். பத்து வண்டி பிரித்தால் ஒன்று தேறாது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, நல்ல வண்டி எதுவும் விற்பனைக்கு வராது, அதெல்லாம் சர்வீஸுக்குத்தான் வரும், தன் வேப்பமரத்தடிக்கே வரும் என்று.

முதல் ஆள் ஒரு வாத்தியார். அவர் வண்டியின் பிளாக்கை எடுத்துக்கொண்டு, டப்பா பிரிக்காத புதுப் பிளாக் ஒன்றை மாட்டிவிட்டான். பழையதை எடுத்துப் புதியதைக் கொடுத்தால் இதில் நஷ்டம் யாருக்கு? அப்படித்தான் தொடங்கியது. வாத்தியாரிடம் மட்டும் ஏனோ சொல்லவில்லை. பிறகு கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது, புதுப் பிளாக் கிடைப்பது அருகிவிட்டது. பேச்சி நிறுத்தவில்லை. பந்தய வண்டியில் அடிபட்டு ஒதுக்கி வைத்த பிளாக்குகளைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்றி, சர்வீஸுக்கு வந்த வண்டிகளில் மாட்டினான். 'இவங்க ஓட்டுற ஓட்டுக்கு இது தாராளமாப் போதும்' என்று சொல்லிக்கொண்டான். இதைத் திருட்டு என்று அவன் நினைக்கவில்லை. திருடுகிறவன் எவன்தான் அப்படி நினைத்திருக்கிறான்?

பத்து வண்டியில் இப்படிச் செய்தான். பத்தும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பதினொன்றாவது, நல்லக்கண்ணுவின் வண்டி.

நல்லக்கண்ணு கரிவலம்வந்தநல்லூரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிச்சியும் மல்லியும் எடுத்து, விடியுமுன் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். ஐம்பத்திரண்டு வயது. எட்டு வருடமாக அதே வண்டி. முள் நாற்பதைத் தாண்டினால் தனக்கே நெஞ்சு அடைக்கிறது என்பார். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்ப்பான், இவர் இடது பக்கம் ஒதுங்கிக் கையைக் காட்டிப் போகச் சொல்வார். பேச்சி அவரைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. இந்த வேகத்துக்கு மாட்டு வண்டி வாங்கியிருக்கலாமே அண்ணாச்சி என்பான். அவருக்குக் கோபம் வராது.

"ஏலே பேச்சி, என் வண்டிச் சத்தம் ஓடைப் பாலத்துல கேக்கும்போதே வீட்ல பொன்செல்வி அடுப்புல காப்பிய வச்சிருவா. நான் வந்து இறங்கவும் அது கொதிக்கவும் சரியா இருக்கும். வேகமா வந்தா காப்பி எப்படி மக்கா கிடைக்கும்?" என்பார்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை காலை, நல்லக்கண்ணு வண்டியைக் கொண்டுவந்தார். வால்வில் லேசாகச் சத்தம், ஆயிலும் மாற்ற வேண்டும். தபசு முடிகிறவரை பூவுக்கு ஓய்வே இருக்காது, அதற்குள் பார்த்துக் கொடுத்துவிடு என்றார். மார்க்கெட்டில் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று நடந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய பந்தயம். பேச்சிக்காக வண்டி ஓட்டுகிறவன் கடையநல்லூர் முகம்மது ரியாஸ். இருபத்து நாலு வயது, வாப்பா துபாயில் இருக்கிறார், வண்டியும் செலவும் இவனுடையது. போன பந்தயத்தில் அரை நொடியில் தோற்றுப் போய், கடைசி ஓட்டத்தில் இன்ஜினும் சூடேறி, பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது. அந்தக் காயம்பட்ட பிளாக் பின்னறையில் கிடந்தது. அதற்கு மாற்று கிடைக்காமல் பேச்சி பத்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் அலைந்துகொண்டிருந்தான்.

அவன் நல்லக்கண்ணு வண்டியின் ஹெட்டைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். ஐம்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். உள்ளே அவன் முகம் தெரிந்தது. அளவுமானியை வைத்து இரண்டு தடவை பார்த்தான். பதினைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு பிளாக்கை அவன் கண்டதில்லை.

'நாலே நாள். திங்கக்கிழமை எதையாவது சொல்லி வண்டிய வரவழைச்சு இதையே திருப்பி மாட்டிருவோம்' என்று நினைத்துக்கொண்டான். மற்ற பத்தும் போன மாதிரி இல்லை, இது இரவல்தான். பின்னறையில் கிடந்த காயம்பட்ட பிளாக்கை எடுத்தான். பிஸ்டன் பிடித்த இடத்தில் விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரிந்தது. எமரி தாள் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவுக்குச் சுத்தமானது. அதை நல்லக்கண்ணுவின் வண்டியில் மாட்டினான்.

அவர் வந்ததும், உள்ளே ரிங் தேய்ந்திருந்தது, புதுசு போட்டிருக்கிறேன் என்றான். மரத்தடியில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழும்படி, "அண்ணாச்சி, ஐநூறு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதுக்கு மேல போவாதிய. போனா பிடிச்சிரும், சொல்லிட்டேன்" என்றான்.

நல்லக்கண்ணு சிரித்துவிட்டு, "யார்கிட்ட எதச் சொல்லுத நீ" என்றார். ரிங்குக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். பேச்சி வாங்க மறுத்தான். அவர் விடவில்லை, ஒரு பொட்டலம் பிச்சிப்பூவை, வீட்டில் தேன்மொழிக்குக் கொடு என்று அவன் சட்டைப்பையில் திணித்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ரியாஸ் பறந்தான். நாலு ஓட்டத்திலும் அவன்தான் முன்னால். கடைசி ஓட்டத்தில் பக்கத்து வண்டி ஒரு முழு வண்டி நீளம் பின்னால் வந்தது. சங்கரன்கோவில் என்று ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் எல்லாம் பேச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வழக்கப்படி இன்ஜினைத் திறந்தார்கள். இரண்டு அதிகாரிகள் மாறி மாறி அளந்தார்கள். ஒருவர் பிளாக்கை வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, இதை யாரப்பா ஓட்டினது, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்றார். எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று எழுதி, பிளாக்கின் மேல் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துப் பேச்சியின் கையில் கொடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் செல்லை எடுத்துப் பார்த்தான். மனைவி தேன்மொழி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டான். அவள் அழுதுகொண்டே சொன்னாள், நல்லக்கண்ணு அண்ணாச்சி செத்துப்போனார் என்று. காலையில் பூ மூட்டையோடு வந்திருக்கிறார். கரிவலம் தாண்டி வளைவுக்கு முன்னால் வண்டி திடீரென்று சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த லோடு வேன்காரனால் நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்குமுன்பே உயிர் போய்விட்டது.

பிளாக் இன்னும் சூடாக இருந்தது. பேச்சி அதைக் கீழே வைக்கவும் இல்லை, மடியில் வைத்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்து ரியாஸ் அவன் தோளைக் கட்டிக்கொண்டான்.

என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தபசு நேரம், இரட்டை மூட்டை பூ. பாரம் ஏற ஏற இன்ஜின் சூடாகியிருக்கும். காயம்பட்ட இடத்தில் பிஸ்டன் பிடித்திருக்கும். பிடித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தால் தப்பலாம், அது பந்தயக்காரனுக்குத் தெரியும். பூக்காரருக்கு எப்படித் தெரியும்?

இதில் கொடுமை என்னவென்றால், அப்படிப் பிடித்த இன்ஜின் ஆறிவிட்டால் தானாக விட்டுவிடும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது வண்டி ஒரு உதையில் கிளம்பியது. பிரேக் சரி, டயர் சரி, விளக்குச் சரி. வண்டியில் பழுது இல்லை என்று அவர் எழுதினார், அவர் பார்த்தவரை அது உண்மையும்கூட. முன்னால் போனவர் வேகமாகப் போய்த் தடுமாறி விழுந்தார் என்று வேன்காரன் சொன்னான். ஓட்டியவரின் அதிவேகம், கவனக்குறைவு என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

ஊரும் அதையேதான் சொன்னது. தபசு நேரம், பூ விலை ஏறிக் கிடக்கிறது, ஆசைப்பட்டு முறுக்கியிருப்பார் என்றார்கள். அப்புறம் அந்த மரத்தடியில் நின்ற நாலைந்து பேர் இருக்கிறார்களே, அவர்கள் போகிற இடமெல்லாம் சொன்னார்கள், பேச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னான், நாப்பதுக்கு மேல போவாதிய, பிடிச்சிரும்னு சொன்னான், மனுசன் கேக்கலையே என்று. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று யோசித்தெல்லாம் பேச்சி அதைச் சொல்லவில்லை. ஆனால் செத்தவருக்கு எதிராக ஊருக்குக் கிடைத்த பெரிய சாட்சி அதுதான். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் ராஜகுமாரிகூட, அப்பா ஏன் இப்படி அவசரப்பட்டாவ என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பொன்செல்வி ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவிய அப்படி ஓட்டுற ஆளே இல்ல என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். பாவம், புருசனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்று எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

பேச்சி சாவு எடுப்புக்குப் போனான், பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் போய்ப் பந்தல் போட நின்றான். கோப்பையைப் பரணில் சாக்குக்குள் போட்டுவிட்டான். ஜெயித்துவிட்டு வந்தவன் முகம் மாதிரியா இருக்கிறது என்று தேன்மொழி இரண்டு தடவை கேட்டாள். அவன் பேச்சை மாற்றினான். ரியாஸ் நாள் தவறாமல் கூப்பிட்டான். அடுத்த மாதம் சென்னையில் பந்தயம், அண்ணே அந்தப் பிளாக்கை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள் என்றான். பேச்சி ஒவ்வொரு தடவையும் சரி என்றான்.

இருபத்து மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டார்கள். பொன்செல்வி அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றி நேராகப் பேச்சியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, மற்றபடி முழு வண்டி.

"தம்பி, ஊரெல்லாம் ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "எது நெசம்னு இந்த இன்ஜினுக்குத் தெரியும்லா. நீ தெறந்து பாத்தா சொல்லிருவேன்னு எல்லாரும் சொல்லுதாவ. அவிய வேகமாத்தான் வந்தாவன்னா அதையும் சொல்லு. நான் வாய மூடிக்கிடுதேன்."

இரண்டு நாள் ஆகும் மதினி என்றான் பேச்சி. அதற்குமேல் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் போன பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினைப் பிரித்தான். தான் தேய்த்த எமரிக் கோடுகள் அப்படியே இருந்தன. அவன் எப்போதும் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் சாய்த்துத் தேய்ப்பான். அந்தச் சாய்வுக்கு நடுவில், பழைய காயம் இருந்த அதே இடத்தில், பிஸ்டன் உரசிய புதுக் காயம். வேகமாகப் போய்ப் பிடித்த இன்ஜினுக்கு நாலு பக்கமும் காயம் இருக்கும், இதில் ஓரிடத்தில்தான் இருந்தது. முப்பத்தைந்தில் வந்தாலும் இது பிடித்திருக்கும். அவர் முப்பத்தைந்தில்தான் வந்திருப்பார். பேச்சி அந்தப் பிளாக்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அழுது முடித்ததும் யோசித்தான், அதுதான் அவன் குணம். வேகம் என்று சொன்னால் செத்தவருக்குக் கெட்ட பெயர் நிலைத்துவிடும், அதற்கு அவன் மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னால் அத்தோடு நிற்காது. மற்ற பத்து வண்டிக்காரர்களும் வந்து நிற்பார்கள். ஜெயில், கடை, பந்தயம், தேன்மொழி, எல்லாம் போய்விடும். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஆயில் போகிற துளையில் மண் அடைத்திருந்தது, அதனால்தான் பிடித்தது, அது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிடுவது. அவர் பேரில் பழி இல்லை, இவன் பேரிலும் இல்லை. இதில் நஷ்டம் யாருக்கு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான்.

ஆனாலும் அந்தப் பிளாக் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. பொருளையாவது திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது. பச்சைப் பொட்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தான். நல்லக்கண்ணுவின் பிளாக்கை நல்லக்கண்ணுவின் வண்டியிலேயே மாட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் பந்தய இன்ஜினுக்குப் பார்க்கிற பக்குவத்தோடு பார்த்து இறுக்கினான். நசுங்கிய இடத்தையும் எடுத்துச் சரி செய்தான். அன்று சாயங்காலம் ரியாஸ் கூப்பிட்டபோது, அந்தப் பிளாக் இனி இல்லை என்று சொன்னான். விளையாடாதீங்க அண்ணே என்று அவன் பதறினான். பேச்சி செல்லை அணைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பொன்செல்வி வந்தாள். பேச்சி சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான், தடங்கல் இல்லாமல் சொன்னான். ஆயில் துளை, மண், அடைப்பு. அவள் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப அவிய வேகமாப் போவல."

"போவல மதினி. நாப்பதுக்குள்ளதான் வந்திருக்காவ."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை நீ ஸ்டேஷனில் வந்து சொன்னால் போதும், மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றாள். பேச்சி சரி என்றான். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது அவனுக்கு. புறப்படப் போனவள் திரும்பி, வண்டி ஓடுகிறதா, ஒரு தடவை போட்டுக் காட்டு என்று கேட்டாள்.

பேச்சி கிக்கரை உதைத்தான். முதல் உதையிலேயே கிளம்பியது. மெத்தென்று, ஒரே சீராக, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடியது. அவன் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான். பொன்செல்வி அழுகையை நிறுத்தியிருந்தாள். தலையைச் சற்றுச் சாய்த்து வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது அவிய வண்டிச் சத்தம்" என்றாள்.

"ஆமா மதினி. அவிய வண்டிதான்."

"கடைசி மூணு நாளும் இது இந்தச் சத்தம் போடல தம்பி. கரகரன்னு போட்டுச்சு. வேற யாரோ வாராவன்னு நான் காப்பிய வைக்காம இருந்துட்டேன். மூணு நாளும் வந்து காத்துக் கெடந்துதான் குடிச்சாவ. ஏன் இப்படிக் கத்துதுன்னு கேட்டேன். பேச்சி புது ரிங் போட்டிருக்கான், ஓட ஓடச் சரியாவும்னாவ." அவள் குரல் உயரவே இல்லை. "இப்பப் பழைய சத்தம் வருது. இந்தச் சத்தம் இத்தன நாளு எங்கன இருந்துச்சு?"

பேச்சி வண்டியை அணைத்தான். ரிங் இப்போது பதிந்துவிட்டது, அதனால்தான் சத்தம் மாறியிருக்கிறது என்று சொல்லலாம். அது வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நம்பியும் இருப்பாள், மெக்கானிக் சொன்னால் நம்பத்தானே வேண்டும். ஆனால் காப்பி வைக்காமல் இருந்துவிட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகு பொய் சொல்ல அவனுக்கு நாக்குப் புரளவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். வியாழக்கிழமை ஹெட்டைத் தூக்கியது, காயம்பட்ட பிளாக், எமரி தாள், திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடலாம் என்று நினைத்தது, கோயம்புத்தூர். மரத்தடியில் எல்லார் முன்னாலும் நாற்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று சொன்னதையும் சொன்னான். இதற்கு முன்னால் பத்து வண்டி என்பதையும் விடவில்லை.

அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"செயிச்சுச்சா?" என்று கேட்டாள்.

பேச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "செயிச்சுது மதினி" என்றான்.

அவள் எழுந்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு வா என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

"ஓட்டாத. தள்ளிக்கிட்டு வா."

கழுகுமலை ரோட்டிலிருந்து பேச்சி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அவள் இரண்டடி பின்னால் வந்தாள். பத்து மணி வெயில். ஊர் முழுக்க அவனுக்குத் தெரிந்த வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வாத்தியார் வண்டி நின்றது. பால் வண்டி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தது. அதற்குள் எந்தப் பிளாக் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

பூ மார்க்கெட் முக்கில் டீக்கடை சங்கரசுப்பு இவர்களைப் பார்த்துவிட்டான். கையில் டம்ளரோடு வெளியே வந்து, "என்ன பேச்சி, ஊரு வண்டியெல்லாம் ஓட வைக்கிற ஆளு, நீயே தள்ளிக்கிட்டுப் போற? வண்டி மக்கர் பண்ணிட்டா வே?" என்று சிரித்தான். கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு மரத்தடியில் நின்றவர்கள்.

பேச்சி நின்றான். வாயைத் திறந்தான். வண்டி நல்ல வண்டி, கெடுத்தது நான்தான் என்று சொன்னான். அது அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு லாரி வேறு போனது. சங்கரசுப்பு காதில் கையை வைத்து, என்னது என்றான்.

பொன்செல்வி பின்னாலிருந்து வந்து வண்டியின் சீட்டில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவியளுக்குக் கேக்கல தம்பி" என்றாள். "சத்தமாச் சொல்லு."

பேச்சி வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டான். லாரி போகட்டும் என்று நின்றான். அப்புறம் சத்தமாகச் சொன்னான்.